அத்தாவின் கழுத்தும் ஒரு சாய்வுப் பலகையும்

என் அறையின் ஜன்னலோரம் போன மாதம் வரை ஒரு மரப்பலகை நின்றது. அதன்மேல் குர்ஆன் இருந்ததால், வருகிறவர்கள் அதை ரேஹால் என்று நினைத்துக்கொள்வார்கள். தரையில் உட்கார்ந்து ஓதும்போது குர்ஆனை வைத்துக்கொள்ளும் மடக்குப் பலகைக்குத்தான் எங்களில் அந்தப் பெயர். ஆனால் ரேஹாலோடு பழகியவர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள். கால்கள் ரேஹால் போலவே கத்தரியாகக் குறுக்கே போகின்றன, சரி. உயரம் மட்டும் இரண்டு மடங்கு. மேல்பலகை இரண்டாகப் பிரியாமல் ஒரே சாய்வாக நிற்கிறது. அடியில் தாள் வழுக்காமலிருக்க ஒரு சட்டம், மேலே தாளைக் கவ்விப் பிடிக்க மரத்திலேயே செய்த ஒரு பிடி. ஒருமுறை வீட்டுக்கு ஓத வந்த ஹஜ்ரத் அந்தப் பிடியைத் தொட்டுப் பார்த்து, குர்ஆனுக்கு இது எதற்கம்மா என்று கேட்டார். செய்தவர் அப்படிச் செய்துவிட்டார் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். முழுக்கதையையும் சொல்ல அலுப்பாக இருந்தது. இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிறகு இதைச் சொல்ல ஆளில்லை என்பதால் எழுதுகிறேன்.

அத்தா, அதாவது என் தகப்பனார், செங்கல்பட்டில் பத்திரம் எழுதுகிறவராக இருந்தார். ஐம்பதுகளில் நிலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே ஒரு ஓட்டுக் கொட்டகையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பாய்மீது அத்தா உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு சாய்வு மேசை, கைப்பெட்டி அளவுக்கு. இடது பக்கம் தரையில் பழைய மூலப்பத்திரம், காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கருங்கல். பார்ட்டிகளும் இடது பக்கம்தான் உட்கார வேண்டும், வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததால். மற்ற எழுத்தர்கள் மூலப்பத்திரத்தை யாரையாவது விட்டு வாசிக்கச் சொல்லி, கேட்டு எழுதுவார்கள். அத்தாவுக்கு அது ஆகாது. "அடுத்தவன் வாசிச்சி நா எழுதுனா, வரப்பு அவன் வாயில கீது. நானே பாத்தாத்தான் அது நெலத்துல கீது" என்பார். அதனால் ஒவ்வொரு வரிக்கும் தலை இடது பக்கம் தரைக்குத் தாழும், மறுபடி மேசைக்கு வரும், மறுபடி தாழும். காலையிலிருந்து சாயங்காலம் அஸர் தொழுகை வரை இதே வேலை, வருஷக்கணக்கில்.

தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்தபோதே அத்தா தலையில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு படுத்திருப்பார். அவருடைய வலி ஒரே வழியில்தான் நடக்கும். பிடரியில், மண்டையும் கழுத்தும் சேரும் குழியில் இடது பக்கமாகத் தொடங்கி, காதுக்குப் பின்னால் ஏறி, உச்சியைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் இடது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த பிறகு எழாது. சில நாள் வாந்தியும் வரும். கண்ணுக்குப் பின்னால் வலித்ததால், கண்ணில்தான் கோளாறு என்று நாங்கள் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். பட்டணத்துக்குப் போய்க் கண்ணாடி மாற்றினார். அடுத்த தடவை, கீழ்ப்பாதி வாசிக்க, மேல்பாதி தூரத்துக்கு என்று இரட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள். அதன் கீழ்ப்பாதியில் எழுத்து தெரிய வேண்டுமானால் முகவாயைத் தூக்க வேண்டும். வலி இன்னும் கூடிற்று. சுக்குப் பற்று, தைலம், நொச்சி வேது, ஓதி ஊதிய தண்ணீர், கழுத்தில் ஒரு தாயத்து. தாயத்துக் கட்டிய இடம்தான் நோயின் இடம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாவிதரிடம் முகம் மழிக்கப் போனால், கடைசியில் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்புவார். சொடக்கு விழும். அன்று மத்தியானம் வரை அத்தாவுக்கு லேசாக இருக்கும். அந்த லேசுக்காகவே தாடி வளர்வதற்கு முன்பே மழிக்கப் போக ஆரம்பித்தார். அம்மா கிண்டல் செய்வார், மாப்பிள்ளைக்கு மாதிரி முகம் பளபளவென்று இருக்கிறதென்று. அத்தா சிரிக்கமாட்டார். சிரித்தாலும் வலிக்கும் போலிருந்தது.

நான் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தேன். தலைவலி நாட்களில் அத்தா பள்ளிவாசலுக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுவார். அம்மாவும் நானும் பின்வரிசையில் நிற்போம். தொழுகை முடியும்போது வலது பக்கம் ஒருமுறை, இடது பக்கம் ஒருமுறை முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்வது முறை. எல்லோருக்கும் முகம் மட்டும் திரும்பும். அத்தா வலது பக்கம் ஸலாம் கொடுக்கும்போது தோள், முதுகு எல்லாம் சேர்ந்து திரும்பும். இடது பக்கம் பாதியில் நின்றுவிடும். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவருக்கு வயது நாற்பதுகளில்தான் இருந்திருக்கும்.

எனக்குச் சதுரங்கப்பட்டினத்தில் சம்பந்தம் பேசி நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் அங்கே வலைக்கயிறும் மளிகையும் விற்கும் கடை வைத்திருந்தார். கண்டிப்பானவர், ஊரில் பேர் பெற்றவர். நோன்பு முடிந்து அடுத்த மாதம் நிக்காஹ் என்று பேச்சு. அந்த வருஷம்தான் அத்தாவின் வலி வாரத்தில் பாதி நாளை எடுத்துக்கொண்டது. ஒருநாள் பார்ட்டிகள் சுற்றி உட்கார்ந்திருக்க, பாதி எழுதிய பத்திரத்தை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். அவர்கள் அந்தப் பாதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பாய்க்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், "இனிமே இத்த வெச்சிகினு நா எப்டி ஒன்னக் கரையேத்தறது?" என்றார். என்னைத்தான் கேட்டார்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் அப்போது புதிதாக வந்திருந்த டாக்டர், கண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒன்றுமில்லை என்றார். பிறகு எழுந்து பின்னால் போய், பிடரியில் விரலால் ஓரிடத்தில் அழுத்தினார். அத்தா "கண்ணு" என்று கத்திவிட்டார். வலி கழுத்திலிருந்துதான் வருகிறது, மாத்திரை கொடுத்துப் பயனில்லை, பயிற்சியால் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். யார், எங்கே என்று கேட்டோம். அவர் தயங்கினார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தப் படிப்புப் படித்த ஒரே ஒரு அம்மாள்தான் இருக்கிறார். இருப்பது ஊருக்கு வெளியே, தொழுநோய் ஆஸ்பத்திரியில்.

இன்றைக்கு இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தத் தயக்கம் புரியாது. அப்போது அந்த நோயின் பெயரைக்கூட எங்கள் வீட்டில் சொல்லமாட்டார்கள். பெருவியாதி என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குள் ஒருவர் போனார் என்றால், ஏன் போனார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைப்பார்கள். மடங்கிய விரல்களை நிமிர்த்தப் பழக்குவதற்குத்தான் அந்த அம்மாளை அங்கே வைத்திருந்தார்கள். பிசியோதெரபி என்ற சொல்லே எங்களுக்கு அந்தக் கேட் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

அத்தா முடியாது என்றார். ஆனால் வலியோடு எத்தனை நாள் வாதாட முடியும்? கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போவதென்றால் திரை போட்ட ஜட்காவில்தான் போவோம். அதில் அத்தா உள்ளே உட்கார்ந்து போனால் யாருக்குத் தெரியப் போகிறது? கூட நானும் போனால், பெண்கள் எங்கோ போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். அம்மாவுக்குத் தன் யோசனையில் ஒரே பெருமை. ஜட்காக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "இன்னா பாய், ஆம்பள நீ, பொம்பளைங்க மாதிரி தெரக்குள்ள குந்திகினு வரியே. குதுர சிரிக்கும் பாய்" என்றார். அத்தா ஏறி உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் வெள்ளைத் துப்பட்டிக்குப் பின்னால் ஒதுங்கி, தலை குனிந்து அவர் உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கழுத்துக்கு அது ரொம்பக் கெடுதலான இருப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

உள்ளே ஒரு நீளமான கூடம். வரிசையாக உட்கார்ந்து, கையில் எண்ணெய் தேய்த்து, தொடைமேல் விரல்களை வைத்து மெல்ல மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள் சிலர். நான் பயந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. அத்தாவும் சுவரோரமாகவே நடந்தார். அந்த அம்மாள் தென்கோடிக்காரர், கிறிஸ்தவர், வெள்ளைச் சேலை, குரல் மட்டும் பெரியது. அத்தாவை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஐயா, வீட்ல எப்படி எழுதுவீங்களோ அப்படி எழுதுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார். அத்தா தன்னையறியாமல் இன்னொரு தாளை இடது பக்கம் தரையில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். தலை தாழ்ந்தது, வந்தது, தாழ்ந்தது. அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "பாத்தியாம்மா, நோய் எங்க இருக்குன்னு?" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் ஒரு வரி விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். தலை ஒரு நிறை குடம் மாதிரி கனமானது. நேராக நின்றால் எலும்பு தாங்கும். சாய்ந்தால் பின்னால் இருக்கிற தசைதான் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் பிடித்துப் பிடித்து அது முறுக்கேறிவிடுகிறது, கழுத்தின் மேல் மூட்டுகளும் இறுகிப்போகின்றன. "அங்க உள்ள நரம்பும், நெத்திக்கும் கண்ணுக்கும் போற நரம்பும் உள்ளுக்குள்ள ஒரே எடத்துல போய்ச் சேருது. ரெண்டு தெருத் தண்ணியும் ஒரே வாய்க்கால்ல விழுந்தா, எது எந்தத் தெருத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்? ஒங்க மூள கண்ணுதான் வலிக்குன்னு நெனச்சிக்கிடுது." எல்லாத் தலைவலியும் இப்படி இல்லை, இது இப்படி என்றும் சொன்னார். நாவிதரிடம் சொடக்குப் போட்டுக்கொள்வது தெரிந்ததும் முகம் கறுத்துவிட்டது. இனி யாரும் அந்தக் கழுத்தைத் திருகக் கூடாது, உள்ளே போகிற ரத்தக்குழாய் அறுந்தால் ஆளே மிஞ்சமாட்டார் என்றார்.

அவருடைய வைத்தியம் பார்வைக்கு ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். வெந்நீரில் பிழிந்த துணியைப் பிடரியில் போட்டு, தசை இளகிய பிறகு, அத்தாவை மல்லாக்கப் படுக்க வைத்து, மண்டையின் அடியில் இரண்டு கைவிரல்களையும் கொடுத்து அப்படியே தாங்கிக்கொண்டிருப்பார். மெல்ல, மெல்ல, நாங்கள் பொறுமையிழக்கும் அளவுக்கு மெல்லமாக மூட்டுகளை அசைப்பார். முதல்நாள் அத்தா அப்படியே தூங்கிவிட்டார். அவர் வாய் திறந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை. பிறகு பயிற்சிகள். முகவாயைத் தூக்காமல், தாழ்த்தாமல், ஒரு இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோல நேரே பின்னுக்கு இழுக்க வேண்டும். தோள்பட்டைகள் இரண்டையும் பின்னால் சேர்க்க வேண்டும். உயரத் தலையணை கூடாது. இரட்டைக் கண்ணாடி வேலை நேரத்தில் கூடாது. ஒரு பக்கம் எழுதி முடித்தால் எழுந்து நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்து எழுதும் தாள் தரையில் இருக்கக் கூடாது. கண்ணுக்கு நேரே நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அவர் சோதித்தபோது, நான் ஸலாமைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப வேற பரீட்சையே வேண்டாம். தினம் அஞ்சு வேளை ஒங்க கழுத்தே ஒங்களுக்குச் சொல்லிரும்" என்றார். அன்றிலிருந்து அத்தா வீட்டில் தொழும்போதெல்லாம் எனக்குக் கவனம் தொழுகையில் இல்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும். முதல் சில வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் அந்தி நேர மக்ரிப் தொழுகையில், வலது பக்கம் ஸலாம் கொடுக்கும்போது முதுகு அசையவில்லை. முகம் மட்டும் திரும்பிற்று. பின்னாலிருந்தே அவருடைய மூக்கையும் மீசையையும் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வலி வாரம் ஒருநாளாகக் குறைந்த சமயத்தில்தான் இந்தப் பலகை வந்தது. அந்த ஆஸ்பத்திரியில், நோய் தீர்ந்தும் ஊருக்குத் திரும்ப முடியாதவர்களுக்கென்று ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. அந்த அம்மாள் அங்கிருந்த ஒருவரிடம் சொல்லிவிட்டார். அவர் அத்தாவைத் தரையில் உட்காரச் சொல்லி, கண் உயரத்தை ஒரு குச்சியில் அளந்துகொண்டார். விரல்களில் சில மடங்கியே இருந்தன. உளியை அவர் தனக்கென்று ஒரு தினுசாகப் பிடித்தார். அவர் ஊர்ப் பள்ளிவாசலில் ரேஹால் பார்த்திருக்கிறாராம். "காலு அது மாதிரி வெச்சா மடக்கிக்கலாம் பாய்" என்றார். செய்து முடித்த அன்று, பலகையைத் தரையில் வைத்துவிட்டுத் தானாகவே நாலடி பின்னுக்குப் போய் நின்றார். எல்லோருக்கும் அப்படித்தான் கொடுப்பார்போல. அத்தா குனியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றவர், "கையில குடு" என்றார். அந்த மனிதர் பலகையை எடுத்துக் கொடுத்தார். ஜட்காவில் வரும்போது அத்தா அதை மடியிலேயே வைத்திருந்தார். அம்மா அதை வாசலைத் தாண்ட விடவில்லை. விறகுக்கொட்டிலுக்கு வெளியே வைத்து, இரண்டு நாள் வெயில் பட்ட பிறகுதான் கூடத்துக்கு வந்தது.

இதற்குள் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கண்டது இதுதான்: எங்கள் தெருவிலிருந்து திரை போட்ட ஜட்கா ஒன்று வருகிறது, கேட்டுக்குள் போகிறது, திரும்புகிறது. திரை போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெண். அந்த வீட்டில் பெண் என்றால் தாயும் மகளும். தாய் மீன் வாங்க வாசலுக்கு வருகிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். அப்படியானால் மகள். அத்தாவை மறைக்கக் கட்டிய திரை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. சேதி எப்படியோ பஸ் ஏறிச் சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்தது.

முதலில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள், மருதாணி வைத்துப் பார்க்க ஆசை என்று. நிக்காஹுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்க, இப்போது என்ன மருதாணி? அம்மாவுக்குப் புரியவில்லை, உபசாரம் செய்தார். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். இன்னொருத்தி காதணி அழகாக இருக்கிறதென்று காதுமடலை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். முதுகில் வியர்வை துடைக்கிறேன் என்று துப்பட்டியை விலக்கினாள். மருதாணிக் குச்சியால் என் விரல் நுனிகளில் குத்தி, "உறுத்துதாம்மா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, பெருவியாதியின் தேமலையும் மரப்பையும் தேடுகிறார்கள் என்று. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்கள் போன பிறகு அம்மா தட்டை எடுக்க வந்தார். அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்த டீ இரண்டு கிளாசிலும் அப்படியே ஆடை கட்டி இருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அத்தாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அடுத்த தடவை போக ஜட்கா வந்து நின்றதும், "தெரய அவுத்துடு" என்றார். வண்டிக்காரருக்குப் பக்கத்தில், முன்னால் ஏறி உட்கார்ந்தார். நிமிர்ந்து, முகவாயை உள்ளே வாங்கி, அந்த அம்மாள் சொன்ன மாதிரியே. சந்தை கூடும் நேரம். கடைவீதி முழுக்க அவரைப் பார்த்தது. டீக்கடைக்கு எதிரே இறங்கிக் கேட்டுக்குள் நடந்துபோனார். அன்றுதான் அந்த அம்மாளும், "இனி நா தேவையில்ல ஐயா, பயிற்சிய விடாதீங்க, அது போதும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு நாளில் ஊர்ப்பேச்சில் என் பெயர் கழன்று அத்தாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாளிலிருந்து கொட்டகையில் அவர் பாய்க்கு முன்னால் யாரும் உட்காரவில்லை. கையெழுத்துப் போட அவர் பேனாவை நீட்டினால், பழைய பார்ட்டிகளே தங்களிடம் பேனா இருப்பதாகச் சொன்னார்களாம். கழுத்து நிமிர்ந்த சமயத்தில் எழுதப் பத்திரம் இல்லாமல் போயிற்று. இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சம்பந்தியே நேரில் வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னோம், நுனியில் உட்கார்ந்தார். அத்தா கீழே பாயில், பலகைக்கு முன்னால். நானும் அம்மாவும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றோம்.

"நேராவே கேக்குறன் பாய். ஒங்க வூட்டு வண்டி அங்க போய்கினு கீதாமே. யாருக்கு?"

"எனக்குத்தான்."

"தெர போட்ட வண்டில ஆம்பள எதுக்குப் போறான்?"

"வெக்கத்துல" என்றார் அத்தா. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பிடரியைத் தொட்டுக் காட்டினார். முகவாயை உள்ளே இழுத்து, தோளைப் பின்னால் சேர்த்து, அந்தப் பெரிய மனிதர் முன்னால் பயிற்சியைச் செய்தும் காட்டினார். திரைக்குப் பின்னால் எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது.

"சரி, நா நம்புறன்" என்றார் கடைசியில். "ஊரு நம்பணுமே. இனிமே அங்க போவ வேணாம். அங்கேருந்து வந்த சாமான் எதுவும் இந்த வூட்ல இருக்க வேணாம். இந்தப் பலகய இன்னிக்கே அடுப்புல வெச்சிடுங்க. அப்பறம் நிக்காஹ் பேசலாம்."

போக வேண்டிய தேவை தீர்ந்துவிட்டது, அது பரவாயில்லை. பலகைதான். அத்தா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எரித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எரித்துவிடட்டும் என்றும் நினைத்தேன். அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். தண்ணீர் சத்தம் கேட்டது. முகம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு ஈரக் கையோடு வந்து, துடைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, மேல்அலமாரியிலிருந்து குர்ஆனை இரண்டு கையாலும் எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பலகைமேல் விரித்து வைத்தார்.

"இப்ப பலகய எடுக்கணும்னா மொதல்ல இத்த எறக்கணும். நா எறக்கமாட்டன். நீங்க வேணா எறக்குங்க" என்றார்.

அம்மா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது. அவர் குர்ஆனையும் பார்த்தார், அத்தாவையும் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உள்ளறைப் பக்கம் பார்த்து, "டீ இன்னும் வரலியே" என்றார். அம்மா போட்டுக் கொடுத்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

நிக்காஹ் நடந்தது. புகுந்த வீட்டில் முதல் வருஷம் மாமி என்னை மாவு பிசைய விடவில்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமா மட்டும் நான் கொடுக்கும் டீயைத்தான் குடிப்பார். கெட்ட வாழ்க்கை என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் வாய்ப்பதுபோல ஒரு வாழ்க்கை. அத்தாவிடம் பார்ட்டிகள் திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று. ஊர் வேறு பேச்சுக்குப் போன பிறகு வந்தார்கள். பலகை குர்ஆனோடு வீட்டிலேயே நின்றுவிட்டதால், கொட்டகையில் அவர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் அட்டையைச் சாய்த்து மூலப்பத்திரத்தை நிறுத்திக்கொண்டார். வலி முற்றிலும் போகவில்லை. வேலை அதிகமானால் வரும். ஆனால் முன்போல வந்து உட்கார்ந்துகொள்ளாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தொழுகை விரிப்பான முஸல்லாவிலேயே இருந்து பயிற்சியைச் செய்வார். யாராவது பார்த்தால் இறைவன் பெயரைச் சொல்லி திக்ரு செய்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் மௌத்தான பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டார். நான் பலகையைக் கேட்டேன். குர்ஆனோடு சேர்த்தே கொடுத்தார்.

போன மாதம் என் கடைசி மகன் வந்திருந்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. பிடரியைப் பிடித்துக்கொண்டே பேசினான். பின்னாலிருந்து ஏறி இடது கண்ணுக்குப் போகிறதாம். அவன் ஆபீசுக்குக் கீழேயே பிசியோதெரபி இருக்கிறதாம், போய்விட்டு வந்தானாம். லேப்டாப்பைக் கண் உயரத்துக்குத் தூக்கி வைக்கச் சொன்னார்களாம். என் கை சோற்றுத்தட்டிலேயே நின்றுவிட்டது. அவன் அதைக் கவனிக்காமல் ஜன்னலோரம் பார்த்து, "இந்த ரேஹாலு நல்ல ஒசரமா கீதேம்மா. இது மாதிரி எங்க கெடைக்கும்?" என்றான்.

அவனிடம் சொன்னேன். எங்கே செய்தது, யார் செய்தது, எதனால் குர்ஆன் அதன்மேல் ஏறியது என்று எல்லாம். அவன் நடுநடுவே போனைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "சரிம்மா, அதுக்கு இன்னா இப்போ?" என்றான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவனுக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு கேள்வியை அன்றைக்கு ஊரில் ஒருவர் கேட்டிருந்தால் போதுமே, அத்தா திரைக்குள் உட்கார்ந்து போயிருக்கமாட்டாரே என்று தோன்றிற்று.

எழுந்துபோய் ஒளு செய்துகொண்டு வந்தேன். குர்ஆனை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மேலே அலமாரியில் வைத்தேன். அத்தா குர்ஆனை அதில் ஏற்றிய அன்றைக்குப் பிறகு அந்தப் பலகை வெறுமையாக நின்று நான் பார்த்ததில்லை. மரம் நடுவில் வெளுத்திருந்தது, பிடி மட்டும் இன்னும் இறுக்கமாக இருந்தது. துடைத்து அவனிடம் நீட்டினேன். சாப்பிட்டுக் கழுவிய தன் கை ஈரமாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, "கீழ வெச்சிடும்மா, எடுத்துக்கறேன்" என்றான்.

"கையில வாங்கு" என்றேன்.